டிக்கெட் இல்லாத பத்தாம் பாகம்

"மன்னிக்கவும், இந்தப் புத்தகம் உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லை" என்று திரை சொன்னது. அட்டைப்படம் இருந்தது, விலை இருந்தது, படித்தவர்கள் வாரி வழங்கிய நட்சத்திரங்கள் இருந்தன. வாங்கும் பட்டன் மட்டும் இல்லை. விற்க மனசில்லாதவன் எதற்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

புத்தகம் எனக்கில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்க மெஷினின் இரைச்சலும் தண்ணீரும் வெள்ளைத் தூளும்தான். ஊரார் படிப்பதற்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பதோடு எனக்கும் படிப்புக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். படிக்கிறது அம்மா.

அம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். தூங்குவதுபோல நடிக்கிறவன், கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறவன், அடுத்தவர் பாஸை எடுத்துக்கொண்டு வருகிறவன், எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தே பிடித்தவள். இப்போது அந்த ஓரக்கண்தான் மிச்சம். பார்வையின் நடுவில் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, அவர் பக்கத்தில் இருக்கும் கதவு தெரியும். நான் எந்தப் பவரில் லென்ஸ் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கடையில் இத்தனை லென்ஸ் இருந்தும் பெற்றவளுக்கு ஆகிற லென்ஸ் ஒன்றுகூட இல்லையே என்று மெஷின் முன்னால் நின்று பலமுறை கண் கலங்கியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, எழுத்தைப் பெரிதாக்குவது. ஒரு டேப்லெட் வாங்கி, அதிலிருந்த எழுத்துகள் எல்லாவற்றையும் எவ்வளவு பெருக்க முடியுமோ அவ்வளவு பெருக்கிக் கொடுத்தேன். அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, திரையை ஓரக்கண்ணால் மிரட்டிப் படிப்பாள். படித்துக் காட்டும் குரல் உள்ள புத்தகங்களும் உண்டு என்று சொன்னேன்.

"சர்வீஸ் முழுக்க அடுத்தவங்க சொன்ன கதையைத்தான் கேட்டேன். பர்ஸ் தொலைஞ்சு போச்சு, டிக்கெட்டை மாடு தின்னுடுச்சுன்னு. காதை நம்பினது போதும். என் கண்ணால பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாள்.

அப்படி அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கப்பல்காரியின் கதை. மொத்தம் பத்துப் பாகம். ஒன்பதையும் அந்தக் கடையிலேயே முறைப்படி வாங்கிப் படித்து முடித்துவிட்டாள். ஒன்பதாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கப்பல்காரி தனியாக ஒரு படகில் மூடுபனிக்குள் போகிறாள். திரும்பி வந்தாளா இல்லையா என்பது பத்தாம் பாகத்தில் இருக்கிறது. பத்தாம் பாகம் எங்கள் நாட்டில் இல்லை. ஒன்பதை விற்றவனுக்குப் பத்தில் என்ன வந்துவிட்டது என்று கேட்டால், உரிமை வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாம். காகிதப் புத்தகமாக வரவழைக்கலாம், ஆனால் அந்தப் பொடி எழுத்து அம்மாவுக்கு எறும்பு வரிசைகூட இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

கண் டாக்டர் சுற்றி வளைக்காத மனிதர். "ஒரு வருஷம் தாங்கினா பெரிய விஷயம். படிக்க வேண்டியதை இப்பவே படிச்சிடுங்கம்மா" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். அவன் விக்க மாட்டேங்கறானே" என்றாள் அம்மா, ஏதோ அந்த டாக்டர்தான் கடையின் மேனேஜர் என்பதுபோல.

கடைக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று உடனே பதில் வந்தது. அந்தப் புது கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் நாட்டில் மின்புத்தகம் படிக்கிறவர்கள் போதுமான அளவில் இல்லை என்றார்கள். வீட்டில் ஒருத்தி கண்ணைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறாள், இவர்களுக்கு ஆள் போதவில்லையாம்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் செய்கிறவர் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா சார் இவ்வளவு பாடு? ரெண்டு நிமிஷம். ஓசியிலயே கிடைக்குது. பத்தென்ன, பதினொண்ணாம் பாகம் கேட்டாலும் இறக்கித் தரேன்."

இந்த நல்ல செய்தியை வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"டிக்கெட் இருக்கா?"

"அம்மா, இது ரயில் இல்ல."

"எழுதினவளுக்குப் போய்ச் சேருமா?"

"சேராது."

"அப்ப டிக்கெட் இல்லாத பயணம். நான் ஏற மாட்டேன்."

அடுத்து, பனி பெய்யும் ஊரில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளைக் கேட்டேன். நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம், குட்டிக்கே இப்போது இரண்டு குட்டிகள். "பெரியம்மா டேப்லெட்டை என் அட்ரஸுக்கு மாத்திடுண்ணா. அவ்வளவுதான். நான் என் கார்டுல வாங்கிக் குடுத்துடறேன். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள்.

இதிலே எழுதினவளுக்குப் பணம் போய்ச் சேரும். ஆனால் அம்மாவின் சட்டப் புத்தகத்தில் இது இன்னும் பெரிய குற்றம். டிக்கெட் எடுக்காதவனுக்காவது பாவம், காசில்லை என்று கொஞ்சம் இரங்குவாள். அடுத்தவர் பேரில் பயணம் செய்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆகவே நான் அவளிடம் கேட்கவில்லை. "அத்தைகிட்ட மாட்டினா நான் உங்க பக்கம் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்று என் மனைவி கை கழுவிவிட்டாள்.

அம்மா குளிக்கப் போயிருந்தபோது டேப்லெட்டின் நாட்டை மாற்றினேன். பாஸ்போர்ட், விசா என்று அத்தனை ஆவணங்களும் வரிசையும் தேவைப்படுகிற காரியம், சோபாவில் உட்கார்ந்தபடியே முடிந்துவிட்டது. குட்டி பத்தாம் பாகத்தை வாங்கினாள், புத்தகம் வந்து இறங்கியது. அதே நேரம் ஒன்பது பாகங்களும் டேப்லெட் அலமாரியிலிருந்து காணாமல் போயின. பதறிப்போய்த் தேடினேன். அவை பழைய நாட்டில் வாங்கியவையாம், புது நாட்டில் செல்லாதாம். டிக்கெட் வைத்திருந்த ஒன்பது பேரையும் பிடித்து இறக்கிவிட்டு, டிக்கெட் இல்லாத ஒருவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, பத்தாவது நம்ம நாட்டுக்கும் வந்துடுச்சு!" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

"மத்த ஒன்பதும் எங்க?"

"ஏதோ அப்டேட்டாம். தானா வந்துடும்."

அம்மா தலையைச் சாய்த்து என் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள் என்று அர்த்தம். டேப்லெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள்.

படிக்க ஆரம்பித்தாள். எழுத்து பெரிதாக இருந்ததால் திரையில் ஒரு வாக்கியம்கூட முழுசாக நிற்காது. கப்பல்காரி ஒரு பக்கத்தில் துடுப்பை எடுத்தால் அடுத்த பக்கத்தில்தான் தண்ணீரில் போடுவாள். போகப் போக அம்மா தலையை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருந்தது, நடுவில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லாரும் மெதுவாக நடந்தோம். தினமும் நான் கடையிலிருந்து வந்ததும் "எங்க இருக்கா?" என்று கேட்பேன். "பனியிலதான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னைக் கூப்பிட்டாள். டேப்லெட் மடியில் கிடந்தது.

"முடிச்சிட்டேன்."

"வந்தாளா?"

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல டிக்கெட்டைக் காட்டு."

"என்னம்மா டிக்கெட்?"

அம்மா திரையை என் பக்கம் திருப்பினாள். மேல் மூலையில் வானிலை இருந்தது. முன்பும் இருந்ததுதான், எங்கள் ஊர் வெயிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது குட்டி ஊரின் கணக்கைச் சொன்னது. கடும் பனிப்பொழிவு, வெளியே போகாதீர்கள் என்று, நானே என் கையால் பெருக்கி வைத்த எழுத்தில், பார்வையே இல்லாதவரும் தடவிப் படிக்கிற அளவில். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வியர்க்க விறுவிறுக்க வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே பாத்துட்டேன்" என்றாள். "யாரு பாஸு, குட்டியோடதா?"

"ஆமா."

"அதானே."

"முதல் நாளே தெரிஞ்சா ஏம்மா சொல்லலை?"

அதுவரை எங்களில் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயத்தை அம்மா சொன்னாள். "ரயில்ல ஏறினதுமே யாருகிட்ட டிக்கெட் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடும். சில பேர் முகத்தைப் பாத்தா, எங்கயோ எதுக்கோ போய்ச் சேர்ந்தே ஆகணும்னு இருக்கும். அவங்க பெட்டிக்கு நான் கடைசியாத்தான் போவேன். அவங்க ஊர் வந்தப்புறம். வழியில யாரையும் இறக்கி விட்டதில்ல. ஆனா ஊர் வந்ததும் அபராதம் உண்டு. அதுல விட்டுக் குடுத்ததில்ல."

அந்த முகம் இந்தத் தடவை அவளுடையதாக இருந்திருக்கிறது.

"இப்ப ஊர் வந்தாச்சு. என்னை நம்ம நாட்டுக்கு மாத்து. அந்த ஒன்பதும் திரும்பி வரட்டும். கண்ணு இருக்கிறப்பவே முதல்லேர்ந்து ஒரு தடவை பாத்துக்கறேன்."

மாற்றப் போனேன். 'மன்னிக்கவும்' என்றது திரை. நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியுமாம். சத்தமாகப் படித்துக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது, அவளே தலையைச் சாய்த்துப் படித்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன வருடமும் இந்த வருடமும் ஒன்றுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் நாடு திரும்பும்போது ஒன்பது பாகங்களும் அலமாரிக்கு வந்துவிடும். அவற்றைப் பார்க்கக் கண் இருக்காது. நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு பண்ணிட்டேம்மா. அந்த ஒன்பதையும் குட்டியே மறுபடி வாங்கட்டும்" என்று அழுதேன்.

"அடுத்தவ பாஸுல ஒரு பயணமே போதும். எழுந்திரு. அழறவனுக்கு நான் அபராதத்தைக் குறைச்சதே இல்ல" என்றாள். "ஒன்பது பாகமும் திரும்பி வந்ததும் நீதான் எனக்குப் படிச்சுக் காட்டணும். தினமும். ஒரு வரி விடாம."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இதான் இருக்கு. ஆரம்பி."

ஜன்னலோர நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு எதிரில் நகர்ந்து உட்கார்ந்தாள். காதை நம்பாதவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு கதைப் புத்தகத்தை, அதுவும் கடைசிப் பாகத்திலிருந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே தெரியாத பெயர் ஒன்று வந்தது.

"இது யாரும்மா?"

"அவளோட தம்பி. ரெண்டாம் பாகத்துல இவளை விட்டுட்டு ஓடிப் போனவன்."

"ஏன் ஓடினான்?"

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டும்வரைக்கும் சொன்னாள். நாங்கள் இன்னும் இரண்டாவது வரிக்கு வரவில்லை.