ஏழு மீட்டர் நிழல்

அறிவியல் டீச்சர் அந்தப் பள்ளியில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆறாம் வகுப்பில் பதினொரு பேரைக் கீழே அனுப்ப வேண்டிய நிலை வந்துவிட்டது.

கீழே என்றால் நிஜமாகவே கீழே. மாடிப்படிக்குப் பின்னால், உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை. அதற்குப் பள்ளி வைத்திருக்கும் பெயர் ‘கைதூக்கும் வகுப்பு’. பெயர் வைத்த புண்ணியவான் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார். ஆனால் அங்கே போன யாரையும் யாரும் கைதூக்கி மேலே கொண்டுவந்து ஊர் பார்த்ததில்லை. ஒரு பாடத்தில் அரையாண்டு இலக்கைத் தொடாத பிள்ளைகள் அங்கே போய், பழைய கூட்டல் கழித்தலையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழாம் வகுப்புக்குப் போனாலும் அதே அறைதான். கொஞ்ச நாளில் அது பழகிவிடும். “நாங்க கீழ் வகுப்பு” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்குப் பழகிவிடும். அந்தச் சிரிப்பைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக்குள் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. மழை நாளில் கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் வரை வாசலிலேயே நிற்பவர். விதி என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து இம்மியும் நகரமாட்டார், அவ்வளவுதான்.

பதினொரு பேரில் ஒருத்திக்கு ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். பாடம் தொடங்கிய சூட்டோடு சூடாகக் கை மேலே போகும், “டீச்சர், ஒரு சந்தேகம்” என்று குரல் வரும். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது, அப்படியென்றால் இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது, இரண்டும் ஒரே காரணமா. சில நாள் பாடத்தையே முடிக்க விடமாட்டாள். அந்தப் பெண் அறிவியலில் தேறவில்லை என்று சொன்னால் பள்ளி மணிகூடச் சிரிக்கும். ஆனால் மதிப்பெண் வந்த நாளிலிருந்து அவள் கையைத் தூக்கவே இல்லை. மேசைக்கடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு அமைதியாக இருந்தது. இப்படி ஒரு அமைதி வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டதை நினைத்து டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை, எங்காவது அரை மதிப்பெண் கால் மதிப்பெண் தேறாதா என்று விடைத்தாள்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு மீட்டர் குச்சியின் நிழல் மூன்று மீட்டர். அதே நேரத்தில், பக்கத்தில் நிற்கும் ஆறு மீட்டர் மரத்தின் நிழல் எவ்வளவு? சரியான விடை ஒன்பது. முதல் தாளில் ஏழு என்று இருந்தது. இரண்டாவதிலும் ஏழு. மூன்றாவதிலும் ஏழு. பதினொரு பேரும் ஏழு என்றே எழுதியிருந்தார்கள். உப்புக் கரைசல் கணக்கு, கம்பிச்சுருளில் எடை தொங்கவிடும் கணக்கு எல்லாவற்றிலும் இதே கதை. ஒரே தப்பு, ஒரே மாதிரி. தாளில் பாதி மதிப்பெண் இந்தக் கணக்குகளில்தான் இருந்தது.

காப்பி அடித்துவிட்டார்களோ என்று ஒரு கணம் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அறையின் நாலு மூலையிலும் சிதறி உட்கார்ந்த பிள்ளைகள் எப்படிக் காப்பி அடிப்பார்கள்?

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சந்தேகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழு எப்படி வந்தது என்று கேட்டாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்த அந்தப் பெண் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாய் திறந்தாள்.

“குச்சி ரெண்டு, நிழல் மூணு. அப்ப நிழல் ஒரு மீட்டர் கூட. மரம் ஆறுன்னா அதுக்கும் ஒரு மீட்டர் கூடத்தானே இருக்கணும்? அதான் ஏழு போட்டேன். இது எப்படித் தப்புன்னு வீட்டுல உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர், எனக்குத் தெரியல. நான் மக்கு போல.”

டீச்சருக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. மக்கு எங்கே இப்படி யோசிக்கும்? கூட்டல் மட்டும் தெரிந்த ஒரு ஆள் இந்தக் கணக்கை வேறு எப்படித்தான் போடுவான்? மடங்கு என்று ஒன்று இருக்கிறது, குச்சி மூன்று மடங்கானால் நிழலும் மூன்று மடங்காகும் என்று யாராவது சொல்லித் தந்தால் அல்லவா தெரியும்! சரியாக எழுதிய நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். விகிதத்தை டியூஷனில் முன்கூட்டியே நடத்திவிட்டார்களாம். விஷயம் அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் இலக்குகள் உண்டு. மொழியில் காரணம் காட்டி ஒரு பத்தி எழுத வேண்டும், சமூக அறிவியலில் வரைபடத்தின் அளவை வைத்துத் தூரம் சொல்ல வேண்டும், அறிவியலில் நிழலும் கரைசலும் கணக்கிட வேண்டும், இப்படி. ஒவ்வொரு பாடத்துக்காரரும் தங்கள் இலக்கைத் தாங்களே எழுதினார்கள். அடுத்தவர் எழுதியதை எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அறிவியல் அரையாண்டுக்கு முன்பே கேட்கும் விகிதம், கணிதத்தில் வருடக் கடைசியில்தான் வருகிறது. இத்தனை வருடமாக யார் கண்ணிலும் இது படவில்லை. இந்த டீச்சர்கூடத் தன் பாட்டுக்குப் பழைய இலக்கைப் பார்த்துக் கேள்வித்தாள் தயாரித்தவள்தான்.

கணிதப் பாடத்தின் வரிசையைப் போட்ட மகானுபாவர் யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘புள்ளி சார்’. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனால் உலகமே தள்ளிப் போகும் என்பார். எட்டு வருடங்களுக்கு முன் அவர் போட்ட பாட வரிசையைத் தலைமையாசிரியை விருந்தினர்களுக்கு எடுத்துக் காட்டுவார். அவரும் அதில் குளிர்ந்து போவார். பள்ளியில் இருவரும் “சார்”, “டீச்சர்” என்று கூப்பிட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் போல நடந்துகொள்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று தெரியவே பல நாள் ஆகும்.

அன்று மாலை அவர் மறுநாளுக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் விஷயத்தை எடுத்தாள். சுற்றி வளைக்கவில்லை. விகிதத்தை முன்னால் நடத்தியிருந்தால் இந்தப் பதினொரு பேரும் தேறியிருப்பார்கள் என்றாள். ஒரே தப்பைப் பதினொரு பேர் செய்தால் அதற்குப் பெயர் காப்பி என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. எதை எப்போது நடத்துவது என்று கணிதக்காரனுக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“பின்னம், தசமம் முடியாம விகிதத்துக்குப் போறது அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டுற மாதிரி.”

“சரி, நீங்க அஸ்திவாரம் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் என் பாடத்தை எங்க வெச்சுக் கட்டுறது? அந்தரத்துலயா?”

அவர் சட்டையின் ஒரே கையை மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்பதைக்கூட இருவரும் கையால்தான் காட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் அவளுக்காகக் காத்திருக்காமல் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. தலைமையாசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னால், கட்டிய கணவரையே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். வேலைக்கு வந்த புதிதில் தன் தோல்விக்கு அடுத்தவர் மேல் பழி போடுகிறாள் என்று பள்ளி முழுக்கப் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டு பெயர்களைச் சொல்லிவிட்டால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. பதினொரு பிள்ளைகளைத் தவிர.

வகுப்பைக் கடந்துதான் தலைமையாசிரியை அறைக்குப் போக வேண்டும். எட்டிப் பார்த்தாள். விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. பதினொரு பேரும் மேசையைக் காலி செய்து, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் தன் பென்சில் டப்பாவைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கீழே போனால் அது வேண்டியிருக்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. வீட்டில் என்ன சண்டை வந்தாலும் வரட்டும், சொல்லியே தீருவது என்று டீச்சர் விறுவிறுவென நடந்தாள்.

கதவைத் திறந்தால், உள்ளே அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

“வாங்க டீச்சர். சார், நீங்க சொன்னதை டீச்சர் முன்னாடியே இன்னொரு தரம் சொல்லுங்க.”

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் சொன்னதை நம்பாமல், அது தப்பு என்று நிரூபிக்கத்தான் காலையில் கீழ் வகுப்புக்குப் போனாராம். அங்கே இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதே குச்சி, அதே மரம், அதே நிழலைக் கரும்பலகையில் வரைந்து கேட்டாராம். இவர்கள் போன வருடமே ஆறாம் வகுப்பைத் தாண்டியவர்கள் ஆயிற்றே, ஒன்பது என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

“அத்தனை பேரும் ஏழுன்னாங்கம்மா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. போன வருஷம் விகிதம் நடத்தினேனே, தூங்கிட்டிருந்தீங்களாடான்னு கேட்டேன். ஒரு பையன் எழுந்து நின்னு, ‘நீங்க அதை மேல நடத்தும்போது நாங்க கீழ வந்துட்டோம் சார்’னான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சருக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. வீடாக இருந்தால் போய்க் கையைப் பிடித்திருப்பாள்.

“எட்டு வருஷம்” என்றார் அவர். “எத்தனை பேரை இப்படி அனுப்பியிருப்போம்னு தெரியல. அவங்க மேல தப்பே இல்ல. வரிசையைப் போட்டது நான்.”

தலைமையாசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கேட்கவேண்டியதை மட்டும் கேட்டார். விகிதத்தை இப்போதே தொடங்க முடியுமா? அரையும் காலும் தெரிந்தால் போதும், இன்றைக்கே தொடங்கலாம், மற்ற பின்னங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் புள்ளி சார். அப்படியானால் நடத்தி முடித்தபின் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் மறுபடி ஒரு தேர்வு என்றார் தலைமையாசிரியை. அதுவரை யாரும் கீழே போகவேண்டாம். கீழே இருக்கிறவர்களும் விகிதம் படிக்க மேலே வரட்டும். இடம் போதாதே என்று டீச்சர் இழுத்தாள். நாற்காலியை அவர்களே தூக்கிக்கொண்டு வரட்டும் என்று முடித்துவிட்டார் தலைமையாசிரியை.

வகுப்புக்குப் போய் அவள் ஒரே வரிதான் சொன்னாள். யாரும் எங்கும் போகவில்லை, புத்தகங்களை எடுத்து மேசையில் வையுங்கள். பதினொரு பேரும் நம்பாமல் முழித்தார்கள். பின்னால் வந்த புள்ளி சார் கரும்பலகை முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“உங்களுக்குச் சொல்லித் தராததை உங்ககிட்ட கேட்டுட்டோம். தப்பு எங்க மேல. முக்கியமா என் மேல.”

வாத்தியார் ஒருவர் தப்பை ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். பிறகு ஒரு பையின் ஜிப் திறந்தது, இன்னொன்று திறந்தது, பதினொரு பைகளும் திறந்தன. சந்தேகம் குனிந்து புத்தகங்களை அடுக்கும் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெண் ஒன்றும் பேசாமல் பென்சில் டப்பாவைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் வெளியே வந்தாள். இனி வகுப்பு அவருடையது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் நாற்காலிகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு, சுவரில் இடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியையும் வந்து அவள் பக்கத்தில் நின்றார். வழக்கமாக இந்தச் சத்தத்துக்குப் பத்துப் பேருக்காவது திட்டு விழுந்திருக்கும்.

கடைசியாக வந்த உயரமான பையன் படியிலேயே நின்றான். நாற்காலியை இறக்காமல், அதன் கால்களுக்கு நடுவிலிருந்து முகத்தை நீட்டிக் கேட்டான்.

“பெல் அடிச்சதும் இதைத் திரும்பக் கீழ கொண்டுபோகணுமா டீச்சர்?”

விகிதம் படிக்கத்தான் அவர்களுக்கு அனுமதி. டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்பா” என்றார். “பெல் அடிச்சதும் பக்கத்து அறையில, ஏழாம் வகுப்புல கொண்டுபோய்ப் போட்டுக்கோ.”

அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிப் போனான்.