ஊதா மரத்தூள்

மலை புதன்கிழமையிலிருந்தே சாம்பலைக் கக்கிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி காலை என் மகள் டெல்மியின் மூச்சுமருந்துக் குப்பியை உதறிப் பார்த்தேன். காலி. மருந்துக்கடைக்காரனும் சாமி தூக்கப் போய்விட்டான். ஆறு வயசுப் பிள்ளை, விலா எலும்பு உள்ளே இழுக்க இழுக்க மூச்சுக்குத் தவித்தாள். என் புருஷன் நிக்கானோர் மடியில் அவளைக் கிடத்திவிட்டு நான் பிக்கப்பை எடுத்தேன். அவனுக்கு வண்டி ஓட்ட வராது. அதற்கும் அன்றைக்குத் திட்டினேன்.

கல் விழுகிறதென்று நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வெளியே வராதீர்கள் என்று குவாத்தமாலா நகரத்திலிருந்து ரேடியோவில் ஒருத்தன் சாவகாசமாகச் சொன்னான். அவன் பிள்ளையா மூச்சு வாங்குகிறது? ரேடியோவை அணைத்துவிட்டு, சின்ன ஊர்கள் வழியாகப் போகும் பழைய சாலையில் இறங்கினேன். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம் சாம்பல் பூசி நின்றது. வைப்பர் கண்ணாடியைக் கரகரவென்று அரைத்தது. ஜன்னலை இறக்காதே என்று நிக்கானோரைப் பார்த்து மூன்று தடவை கத்தினேன். அவன் இறக்கவே இல்லை, பாவம்.

முதல் ஊரில் சந்துக்குள் புகுந்து தப்பித்தோம். இரண்டாவது ஊரில் யாருடையதோ சோளக்கொல்லை வழியாக. அன்றைக்கு ஊருக்கு ஊர் தெருவில் கம்பளம் கிடக்கும். சாயம் போட்ட மரத்தூளைச் சலித்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் போடுவது. சிலுவை ஊர்வலம் மிதிக்கும்வரை வேறு கால் படக் கூடாது. எனக்கா தெரியாது? என்னுடையதைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள் நான். நகக்கண்ணில் இன்னும் ஊதாத்தூள் ஒட்டியிருந்தது.

மூன்றாவது ஊரில் மாட்டிக்கொண்டோம். ஒரே தெரு, வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பள்ளம். தெருவை அடைத்து இருநூறு அடிக்குக் கம்பளம். அதைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி. டெல்மியின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

கம்பளத்துக்குக் குறுக்கே போட்ட பலகைமேல் குப்புறப் படுத்து ஒரு பெண் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். ஹாரன் அடித்தேன். அவள் தலை தூக்கவில்லை. நானும் தூக்கியிருக்க மாட்டேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் இப்படித்தான் ஒருத்தன் மூடின வண்டியோடு வந்து வழி கேட்டுக் கெஞ்சினான். "அவ்ளோ அவசரம்னா நேரா சொர்க்கத்துக்குப் போய்யா, அங்க கம்பளம் போட மாட்டாங்க" என்றேன். தெருவே சிரித்தது. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதே வாயை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

"அக்கா, எம் பொண்ணுக்கு மூச்சு நிக்குது."

பக்கத்தில் நின்ற ஒருத்தன் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம்தான் என்றான். இன்னொருத்தன், வண்டியில் வருகிறவர்களுக்கெல்லாம் இன்றைக்குத்தான் யாராவது சாகக் கிடப்பார்கள் என்று இளித்தான். அவனை அறையத் தோன்றியது. அவன் பேசியது என் பேச்சு.

அந்தப் பெண் சல்லடையைக் கீழே வைத்தாள். வண்டியருகே வந்து, கண்ணாடியில் படிந்த சாம்பலை முழங்கையால் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு திரும்பி, செருப்புக் காலோடு தன் கம்பளத்தின் நடுவில் நடந்தாள். ராத்திரியெல்லாம் போட்ட வெள்ளை லில்லிப் பூ அவள் காலடியில் கலைந்தது.

"எம் பின்னாலயே வா," என்றாள். "நிறுத்தாத."

அவள் முன்னால் ஓடினாள். நான் ஓட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் டெல்மியின் உதட்டில் நிறம் திரும்பியது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலில், ஊதாத்தூள் அப்பிய டயர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"அதான் பொழச்சிட்டாளே எர்லின்டா, இன்னும் எதுக்கு அழுவுற?" என்றான் நிக்கானோர்.

"அவ எட்டிப் பாத்தா. நான் பாக்கல. அந்த ஆளு வண்டிக்குள்ள யாரு கெடந்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

எந்த ஆள் என்று அவன் கேட்கவில்லை. போன வருஷம் சிரித்தவர்களில் அவனும் ஒருத்தன்.