மாதுளைச் சாயத் தொட்டி

சாயக்காரி தொட்டிக்குள் கையை விட்டுத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மாதுளைத் தோல் சாயத்தில் பளிச்சென்று மஞ்சளாகக் கிடக்க வேண்டிய துணி, மடிப்புக்கு மடிப்பு கறுத்துக் கிடந்தது. தையலிலேயே ஆறும் மலையும் எழுப்பிய சுவர்த்துணி. மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துச் செய்தது. தன் புது விடுதிச் சுவரில் மாட்ட அதை எடுத்துப்போக விடுதிக்கார அம்மா காரில் வந்துகொண்டிருக்கிறாள்.

அவள் எடுத்துக்கொண்டால் சாயக்காரி இந்த ஊரிலேயே தொழிலைப் பார்க்கலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்கு. புருஷனுக்கு அங்கே கம்பெனி வேலை, இவளுக்கும் அங்கேயே சட்டைக்குப் பொத்தான் தைக்கிற வேலை. இரண்டு பேரும் கலந்து பேசிய பேச்சாம், நல்ல பேச்சு போங்கள்! மூட்டை கட்டக் கயிறுகூட வாங்கிக் கூடத்தில் போட்டுவிட்டான் மனுஷன்.

இரும்பு பட்டால் மாதுளைச் சாயம் கறுத்துப்போகும். வாசல் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர், அதில் இரும்பு. அதனால் சாயத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான். நேற்று ஒருநாளும் இல்லாத திருநாளாக அவனே குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியை நிரப்பினான்.

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

"குளத்துத் தண்ணிதான். ஏன்?"

"பொய் சொல்லாதீங்க! குழாய்த் தண்ணிய ஊத்திட்டீங்க. டவுனுக்குப் போக அவ்வளவு அவசரமா? அதுக்காக என் வயித்துல அடிக்கணுமா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தோள் வீங்கிக் கிடக்கு, பாரு. வாசல் குழாயில பிடிச்சா இது வீங்கும்?"

அவள் எங்கே பார்த்தாள்! வந்த கோபத்தில் துணியை மொத்தமாக வாரி இழுத்தாள். மடிப்பிலிருந்து ஏதோ நழுவி ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது. பழைய தையல் மெஷினின் இரும்புச் சக்கரம்.

துணி மிதக்காமலிருக்க எப்போதும் கருங்கல்தான் வைப்பாள். நேற்று விடுதிக்கார அம்மாவின் போன் அடித்தபோது, ஓடுகிற அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்துவிட்டு ஓடினாளே, அது இதுதான்.

அவனும் சக்கரத்தைப் பார்த்தான். அதற்குள் வாசலில் ஹாரன்.

விடுதிக்கார அம்மா துணியை விரித்தாள். மடிப்பெல்லாம் கறுப்பு; ஆற்றுக்கு நடுவே, ஆரக்கால் முதற்கொண்டு ஒரு சக்கரத்தின் அச்சு. "என்ன இது? உங்க கைய நம்பித்தானே சுவரைக் காலியா விட்டு வச்சிருக்கேன்?"

சாயக்காரி வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் வந்தான்.

"அவ கை தப்பாதுங்க. நான்தான் தெரியாத்தனமா இரும்பைப் போட்டுட்டேன். இன்னும் சில மாசம் குடுங்க, இதைவிட நல்லாச் செய்வா."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாயக்காரியிடம் திரும்பினாள். "திறப்பு விழா மாசக்கணக்குல தள்ளித்தான் போயிருக்கு. அதுக்குள்ள முடிச்சிடுங்க. இந்த ஆளை மட்டும் தொட்டிப் பக்கம் விடாதீங்க."

கார் கிளம்பியதுதான் தாமதம், அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "செஞ்சது நானுங்க. உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டேனே! உங்க டவுனு வேலை?"

"அங்க வந்தா நீ பொத்தானோட மல்லுக்கு நிப்ப. அதுக்கு இங்கயே என்னோட மல்லுக்கு நில்லு."

சக்கரத்தை எடுத்து எறியக் குனிந்தவன், முடியாமல் தோளைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவள் அந்த வீக்கத்தைப் பார்த்தாள்.