வாய்திறப்புப் போராட்டம்

அந்தச் சலவை நிலையத்தின் தொழிலாளர் சங்கத்தில் தலைவர் கிடையாது. தலைவர் என்று ஒருவர் இருந்தால், முதலாளிக்கு விலைபேச ஓர் ஆள் கிடைத்துவிடும் என்பது கொள்கை. செயலாளர் உண்டு, ஆனால் மூன்று மாதத்திற்கு ஒருவர், மறுமுறை கூடாது, மேசையும் கூடாது. எந்தக் கட்சிக்காரரும் வாசற்படி மிதிக்கக் கூடாது. ஒருநாள் உலகத்துத் தொழிலாளர் அனைவரும் ஒரே நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலாளித்துவம் தானாகப் படுத்துவிடும் என்றும், அதன்பின் சலவை நிலையங்களைத் துவைப்பவர்களே நடத்துவார்கள் என்றும் பதினோர் உறுப்பினர்களும் நம்பினார்கள். அந்த நாள் வரும்வரை துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கவுன்டரில் நிற்பவளுக்கு இந்தக் கொள்கையில் பாதிதான் புரிந்திருந்தது. மீதிப் பாதியை அவளுடைய கொழுந்தன் புரியவைத்தான். இஸ்திரிக்காரனான அவன், ஒரு தலைமையாசிரியையின் கோட்டில் இஸ்திரிப்பெட்டியின் முழு உருவத்தையும் பதித்துவிட்டான். முதலாளி அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பினார். வீடு என்பது அவள் வீடு. அங்கே கூடத்தின் நடுவில் அவன் தியாகியாகப் படுத்துக்கொண்டான்; மற்றவர்கள் தாண்டித் தாண்டி நடந்தார்கள். அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தாலொழிய அவளுக்குக் கூடம் திரும்பக் கிடைக்காது.

சங்கம் கூடியது. வேலையை நிறுத்தினால் முதலாளி மூட்டைகளை எதிர்த்தெருக் கடைக்கு அனுப்பிவிடுவார். அப்போது 'புத்தகம்' என்று பட்டப்பெயர் பெற்ற பாய்லர்க்காரர் எழுந்தார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்கு வழி கண்டுபிடிச்சிட்டாங்க. வேலையை நிறுத்த வேண்டாம், வாயைத் திறந்தா போதும். சமையல்காரன், சாப்பிட வந்தவன்கிட்ட சட்டியில என்ன இருக்குன்னு சொல்லிட்டான். முதலாளிக்கு முழி பிதுங்கிருச்சு."

"நம்ம சட்டியில என்னய்யா இருக்கு?" என்றாள் துவைப்பவர்களில் மூத்தவள்.

"ஓட்டல் மேசைவிரிப்பும் ஆஸ்பத்திரிப் போர்வையும் ஒரே தண்ணியில."

"அட, அதை நான் என் புருஷன்கிட்டகூடச் சொன்னதில்லையே!"

யார் எதைக் கேட்டாலும் உண்மை மட்டுமே சொல்வது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாடிக்கையாளர்கள் பேசுவது கவுன்டரில் நிற்பவளிடம் மட்டுமே என்பதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

"கறை போயிடுமா?"

"போகாதுங்க. போன மாதிரி தெரிய மேல பவுடர் போடுவோம். ரெண்டு நாள் தாங்கும்."

"நல்ல தண்ணிதானே?"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

இரண்டு நாளில் கூட்டம் பாதியானது. முதலாளி உள்ளறையில் பல்லைக் கடித்தார். ஆனாலும், உண்மை பேசியதற்காக வேலைநீக்கம் என்று எழுதிக் கையெழுத்திட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் நாள் தலைமையாசிரியையே வந்தார். கோட்டைக் கவுன்டரில் விரித்தார். முதலாளி வெளியே வந்து நின்றார். பின்கதவு இடுக்கில் ஒன்பது தலைகள் தெரிந்தன.

"இது எப்படி ஆச்சு?"

"சூட்டைக் குறைக்கிற திருகு கெட்டு நாலு மாசமாச்சு, டீச்சர். சொல்லியும் மாத்தலை."

சங்கம் சொல்லிக்கொடுத்த பதில் அத்துடன் முடிந்தது. தலைமையாசிரியை முடிக்கவில்லை.

"அப்போ இஸ்திரி போட்டவன் என்ன, வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தானா?"

அவள் பின்கதவைப் பார்த்தாள். உண்மையே ஆயுதம் என்று கூட்டத்தில் உயர்ந்த புத்தகத்தின் விரல், இப்போது அவர் உதட்டின் மேல் இருந்தது. சொன்னால் கொழுந்தன் ஆயுள் முழுக்கக் கூடத்திலேயே கிடப்பான். பொய் சொன்னால், மூன்று நாளாகச் சொன்ன உண்மைகள் அத்தனையும் அவள் வாயிலேயே அழுகிவிடும்.

"பார்க்கலை டீச்சர். தூங்கிட்டான். நின்னுக்கிட்டே தூங்குவான், அவனுக்கு அது பிறவி வரம்."

ஒன்பது தலைகளும் மறைந்தன. முதலாளியின் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா மேடம்? அவங்க வாயாலயே வந்துருச்சு!"

"கேட்டேன். அவன் தூங்கினான். இந்த நாலு மாசமும் நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

முதலாளி அவசரமாகக் கோட்டை மடிக்கப் போனார். தலைமையாசிரியை அதன் மேல் கையை வைத்தார்.

"தூங்கினவனை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. முழிச்சிருந்தவரை யார் அனுப்பறது? திருகை மாத்துங்க, அவனையும் கூப்பிடுங்க. இல்லைன்னா இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் பெற்றோர் கூட்டத்துக்குப் போவேன். நானூறு பேர் வருவாங்க. கேட்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் விவரமாச் சொல்லுவேன்."

மாலைக்குள், புதுத் திருகு வாங்கவும் கொழுந்தனைக் கூட்டிவரவும் ஒரே வண்டி புறப்பட்டது.

மறுநாள் சங்கம் கூடி, வர்க்க ஒற்றுமையின் வெற்றி என்று பதிவு செய்தது. "கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சதையும் எழுதுங்க" என்றாள் அவள். அந்தத் திருத்தம் ஓர் ஓட்டுப் பெற்றுத் தோற்றது.

கூட்டம் கலைந்ததும் கொழுந்தன் அவளிடம் வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"வேலை கிடைச்சுருச்சு அண்ணி. ஆனா மானம் போச்சு. மூணு நாளா நான் தியாகியா இருந்தேன்."

"அதான் இருந்தாச்சே. போப்பா, துணி குவிஞ்சு கிடக்குது."

அவன் இஸ்திரிப்பெட்டியை எடுத்தான். அன்று மாலை வரை தோழர்கள் ஒன்பது பேரும் முறைவைத்து வந்து, "முழிச்சிருக்கியா தோழரே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.