பாதம் வைத்த எழுத்து

தங்கை இரண்டு வருடமாக வரைந்த எழுத்துருவுக்கு அக்கா வைத்த பெயர் குண்டன். தடித்த உடம்பு. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு குட்டிப் பாதம். புதிதாக வரைந்ததுதான் என்றாலும், பழைய மரப்பீரோவைப் போல அசைந்து கொடுக்காமல் நிற்பான். இதுவரை ஒருவரும் வாங்கவில்லை.

“கொஞ்சம் இளைக்க வைடி. யாருக்குப் பிடிக்கும் இந்த உடம்பு?”

“பிடிக்கிறவங்களுக்குப் பிடிக்கும். நீ பேசாம இரு.”

அன்று பதினோரு மணிக்கு ஏணிக்காரர் வருவதாக இருந்தது. அலுமினிய ஏணி செய்கிறவர். ஏணியின் பக்கவாட்டில் எச்சரிக்கை அச்சிட எழுத்து வேண்டும். அவர் மனம் மெல்லிய எழுத்துப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அவரும் வேண்டாம் என்றால் குண்டனை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை தேடுவது என்று தங்கை முடிவு செய்திருந்தாள்.

அக்கா இரண்டு தாள்களைச் சுவரில் ஒட்டினாள். ஒன்றில் மெல்லிய எழுத்து, மற்றதில் குண்டன். இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

“ழுவோட வால் கொஞ்சம் நீளமோ?”

“இல்லக்கா, பக்கத்துல இடைவெளிதான் பத்தல.”

“பாதமெல்லாம் நல்லா ஊணி நிக்குது, போ.”

ஏணிக்காரர் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுக்கவே இல்லை. சத்தமாகப் படித்தார்:

“ஏணிக்காரர் ஏழு தடவை மனம் மாறுவார். எட்டாவது தடவை நம் உயிரை எடுப்பார்.”

தங்கை முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தைச் சோதிக்க எதையாவது அடித்துப் பார்க்க வேண்டுமே. முந்தின நாள் எரிச்சலில் அடித்த வரி அது. வடிவத்தையே பார்த்துப் பழகிய இரண்டு பேரும், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே இல்லை.

“அண்ணே, அது வந்து... தாள் மாறிப்போச்சு. அக்காதான் ஒட்டினா.”

“அடிச்சது யாரு, நானா?”

“சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. அந்தப் பக்கத்துத் தாள்ல என்ன இருக்கு?”

“உங்களப் பத்தி நல்லவிதமாத்தான் அண்ணே.”

“எனக்கு எறும்பு ஊர்ற மாதிரில்ல தெரியுது!”

கிட்டே போய், கண்ணாடி போட்டுப் படித்தார். “ ‘உறுதியில் நிகரில்லாத ஏணிகள்.’ அட! புகழ்ந்தது ஒண்ணும் தெரியல, திட்டினது மட்டும் வாசல் வரைக்கும் வருதே!”

அவர் தாடையைச் சொறிந்தார்.

“மேல் படியில ஏறாதீங்கன்னு நான் போடுறது, ஏறப்போறவன் கீழ நிக்கும்போதே கண்ணுல அறையணும். அதுக்கு இந்தத் தடியன்தான் சரி. இவனையே போட்டுடுங்க.”

“மாத்த மாட்டீங்களே அண்ணே?” என்றாள் அக்கா.

“இன்னும் மாத்தினா நீங்க தெருச்சுவர்ல எழுதுவீங்க.”

சொல்லிக்கொண்டே குண்டனின் தாளைக் கிழியாமல் உரித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அது எதுக்கு அண்ணே?”

“இங்க விட்டு வெச்சா ஆபத்தும்மா. என் வீட்டுக்காரி இந்த வழியாத்தான் வேலைக்குப் போறா. பஸ்ல இருந்தே படிச்சிடுவா.”