கரையாமல் போன வெள்ளி

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, மேல்வீட்டுக்காரருடையது. என் அலமாரியை மாடிக்கு ஏற்றக் கைகொடுத்தவர், பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். "உலைக்கூடத்துல குடுத்த பரிசு" என்று நெஞ்சைத் தட்டிக்காட்டியவர், அங்கேயே சொல்லத் தொடங்கினார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. எங்க அக்காவ மட்டும் கெட்டவளாக்கிடாதீங்க."

2.

முதல் தொடக்கம்: 'உலையின் செவ்வொளியில் அவன் முகம்...' வேண்டாம். உலைக் கதை எல்லாவற்றிலும் இந்த முகம் இருக்கிறது.

தாது வறுவலிலிருந்து தொடங்குகிறேன். [பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் அக்காவின் பதற்றம் புரியாது.] மேல்வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலையின் தாதுவில் செம்பும் கொஞ்சம் வெள்ளியும் கந்தகத்தோடு சேர்ந்திருக்கும். காற்றுப்பட வறுத்தால் இரண்டும் சல்பேட்டாக மாறும். சூட்டைக் கூட்டினால் செம்பு சல்பேட் முதலில் சிதைந்து, நீரில் கரையாத ஆக்சைடாகிவிடும். வெள்ளி சல்பேட் இன்னும் சற்றுத் தாங்கும். அந்த இடைவெளியில் நிறுத்தி வெந்நீர் ஊற்றினால் வெள்ளி கரைந்து வரும். எல்லை தாண்டினால் வெள்ளியும் சிதைந்து கசடோடு தங்கிவிடும்.

3.

அக்கா அந்த ஆலையின் வேதியியலாளர். தம்பிக்கு உலையில் தாதுவைக் கிளறும் வேலை. வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். கூடக் கிளறியவர் ஓயாமல் பாடுவார் என்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்றே பெயர்.

வறுவல் அடுத்தடுத்து வீணாகியிருந்தது. இதுவும் போனால் ஆலையை மூடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அன்று சூடு எல்லை தாண்டாமல் நிற்க, புகைபோக்கியின் தகட்டைப் பாதி மூடச் சொன்னார் அக்கா. கந்தகப் புகை கூடத்துக்குள்ளேயே திரும்பியது.

பாட்டு நின்றது. தம்பி திரும்பினார். பாட்டுக்காரர் தரையில் கிடந்தார்.

கிளறுகோலைப் போட்டுவிட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார் தம்பி. மேல்தளத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"உலைய விட்டுட்டு எங்கடா போற? திரும்பிப் போடா."

அவர் போகவில்லை. பாட்டுக்காரர் பிழைத்தார், ஆனால் அதன்பின் பாட மூச்சில்லை. கவனிக்க ஆளில்லாத உலை எல்லை தாண்டியது. வெந்நீரில் வெள்ளி வரவில்லை. ஆலையும் மூடியது.

4.

"தோள்ல ஆள் இருக்கறதப் பாத்துட்டுத்தான் கத்துனாங்களா, இல்ல புகையில தெரியலையா?" என்று கேட்டேன்.

"கேக்கல."

"இத்தன வருஷமாவா?"

"கேட்டா பதில் வந்துடுமே."

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் நம்பிக்கையில்லை. பார்த்தார் என்றால்... [அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.] ஆஸ்பத்திரியில் பாட்டுக்காரரின் கட்டிலருகே அக்கா உட்கார்ந்தே கிடந்தாராம். "வீட்டுக்குப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பாட்டுக்காரரின் மனைவி சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லையாம். இது இரண்டு கதைக்கும் பொருந்துவதுதான் என் சிக்கல்.

5.

போன மாதம் அக்கா தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் "டேய், அன்னைக்குப் புகையில நான்..." என்று ஆரம்பித்தார்.

"விடுக்கா. டீ ஆறுது."

அக்கா டீயைக் குடித்தார்.

அந்த வாக்கியத்தை முடிக்க நானும் முயன்றேன். 'நான் உன்னப் பாக்கவே...' அடித்தேன். 'நான் பாத்தும்...' அதையும் அடித்தேன். சொல்ல வந்தவரையே தம்பி சொல்லவிடவில்லை, நான் யார்? வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்று: அன்று தம்பி அக்காவை பஸ் ஏற்றிவிடப் போனார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை, அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.