றோஸிக்குக் கொண்டுபோன நன்மை

சந்தியாகு தன் பெண்சாதி றோஸியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையால் அடித்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கள்ளுத் தவறணையிலிருந்து வெறியோடு வருகிறான் என்று கேள்விப்பட்டு அவள் கதவை உள்ளே அடைத்துக்கொண்டதுதான் குற்றம். தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். கீழே விழுந்த கட்டையை எடுத்தான். முதல் அடி விலாவில் விழுந்தது. பிறகு எங்கெங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

கொட்டாஞ்சேனையில் அந்த முடுக்குக்குள் வரிசையாக இருந்த அறைகளில் எல்லாருக்கும் சத்தம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. சந்தியாகு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவன். அவன் பகை ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அவன் களைத்துப்போய்க் குறட்டை விடத் தொடங்கியதும் றோஸி சுவரைப் பிடித்து நகர்ந்து மயிலம்மாவின் அறைக்கு வந்து சேர்ந்தாள். இருவரும் ஒரே சரக்குக் கிட்டங்கியில் வேலை. பென்சிலுக்கு வைக்கும் காரீயத்தைக் கட்டி கட்டியாகத் தெரிந்தெடுத்து, உரைத்து, பீப்பாவில் போடும் வேலை. மாலையில் வீடு திரும்பும்போது இருவர் கையும் முகமும் ஒரே மாதிரி மின்னும். மயிலம்மா ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். புருஷன் காய்ச்சலில் செத்த பிறகு தனியே கொழும்புக்கு வந்தவள். வந்த புதிதில் பேசத் துணை இல்லாமல் கிடந்தவளைத் தன் சோற்றில் பாதியைக் கொடுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டவள் றோஸி. ஒருத்தி மாதா கோயிலுக்குப் போவாள், ஒருத்தி மாரியம்மன் கோயிலுக்கு. அதைப் பற்றி அவர்கள் சண்டை பிடித்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் றோஸி இரத்தமாக வாந்தி எடுத்தாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. ஆசுபத்திரிக்குப் போவோம் என்று மயிலம்மா தூக்கப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் அவள் அலறினாள். பிறகு மெல்ல, சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

மயிலம்மா சுவாமியாரின் பங்களாவுக்கு ஓடினாள். முடுக்குத் தாண்டி, பெரிய தெருவைக் கடந்தால் மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் பங்களா. வாசலில் நின்றவள் கொன்ஸ்ரன்ஸ். சுவாமியாருக்குச் சமைப்பவள், சந்தியாகுவின் தமக்கை. மயிலம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கொன்ஸ்ரன்ஸ் கதவை அரைவாசி மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு, றோஸி வேறொருவனோடு ஓடிப்போய்விட்டதாகச் சுவாமியாருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று என்றும், அப்படிப்பட்டவளுக்காக அவர் முடுக்குக்குள் வரமாட்டார் என்றும் சொன்னாள்.

"ஓடிப் போகலக்கா. என் ரூம்ல சாகக் கெடக்கு. ஒங்க தம்பி அடிச்சதுலதான்."

"வாயைப் பொத்து. இன்னொருக்கா இஞ்ச வந்தியெண்டா, அவனை உன்ர அறைக்கே அனுப்புவன்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே சுவாமியார் இருமும் சத்தம் கேட்டது. மயிலம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் மறுபடி கதவைத் திறந்து அவள் மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். மயிலம்மா படிக்கட்டில் மல்லாந்து விழுந்தாள்.

திரும்பி வந்து, சுவாமியார் இல்லை என்று மட்டும் சொன்னாள். றோஸி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நன்மை வாங்காமப் போக ஏலாது மயிலு," என்றாள். "ஒரு நாளும் நான் ஒண்டும் கேட்டதில்லை. இது மட்டும் கிடைச்சாக் காணும்."

நன்மை என்பது என்னவென்று மயிலம்மாவுக்கு ஓரளவு தெரியும். வெள்ளையாய், காசு மாதிரி வட்டமாய் ஓர் அப்பம். சுவாமியார் நாக்கில் வைப்பார். அது அப்பமில்லை, ஆண்டவரே என்று றோஸி முன்பொருநாள் சொல்லியிருந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றி வேதத்தில் சேராதவர்கள் அதைத் தொடக்கூடாது, தொட்டால் பெரும் பாவம் என்றும் சொல்லியிருந்தாள். மயிலம்மா அந்தச் சனிக்கிழமை முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மன் கோயிலில் நோயாளிக்கு யாராவது போய்த் திருநீறு வாங்கி வருவதில்லையா. பாவம் வந்தால் தனக்குத்தானே வரும். சாகிறவளுக்கு வராது.

ஞாயிறு காலை நெற்றிப் பொட்டை அழித்தாள். றோஸியின் கறுப்பு முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்க றோஸிக்கு நினைவு தெளிவாயில்லை.

கோயிலில் பெண்கள் பக்கத்தில் நடுவே முழந்தாளிட்டாள். முன்னாலிருந்தவள் எழும்பினால் எழும்பினாள், குனிந்தால் குனிந்தாள். சுவாமியார் ஓதிய லத்தீன் அவளைப் போலவே மற்றவர்களுக்கும் விளங்கவில்லை என்பது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. மணி அடித்தது. பெண்கள் வரிசையாய் எழுந்து பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியண்டை போனார்கள். அவளும் போய் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினாள். சுவாமியாரின் விரல் வந்து தொட்டுப் போயிற்று. அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதைக் கரையவிடாமல் மேலண்ணத்தில் அணைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

எதிரே வரிசையில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள்.

மயிலம்மா நடையை எட்டிப் போட்டாள். கோயில் முகப்பைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து முக்காட்டோடு சேர்த்து மயிர் பிடிபட்டது. "வேதம் இல்லாதவள், நன்மையைக் களவெடுத்துக்கொண்டு போறாள்," என்று கொன்ஸ்ரன்ஸ் கத்தினாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். சூனியம் செய்கிறவர்களுக்கு விற்கத்தான் கொண்டுபோகிறாள் என்றான் ஒருவன். துப்பச் சொல்லு என்றாள் ஒருத்தி. துப்பக்கூடாது, ஆண்டவர் நிலத்தில் விழுவார் என்றாள் இன்னொருத்தி. விழுங்கு என்று ஒருவன் கன்னத்தில் அறைந்தான். துப்பு என்று இன்னொருவன் முதுகில் குத்தினான்.

அவள் இரண்டும் செய்யவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து வழி தேடினாள்.

அப்போது சந்தியாகு வந்தான். வெள்ளைச் சாரமும் கோட்டும் போட்டு, தலை படிய வாரி, ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஆளாக வந்தான். அவளை யாரென்று அறிந்ததும் அவன் முகம் மாறியது. றோஸி எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவள் கைகளைப் பிடுங்கி விலக்கி, வாயின்மேல் கைமுட்டியால் குத்தினான். அவள் விழவில்லை. மறுபடி குத்தினான். முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு முறிந்தது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவன் அவள் மார்பில் முழந்தாளை ஊன்றி, மூக்கைப் பிடித்து அடைத்து, தாடைக்குள் பெருவிரலை விட்டு நெம்பினான். அவள் கடித்தாள். எலும்பில் பல் பதிகிற வரை கடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு அவள் தலையைச் சுவரில் மோதினான். அவள் விடவில்லை. கொன்ஸ்ரன்ஸ் செருப்பைக் கழற்றி அவள் காதிலும் கண்ணிலும் அடித்தாள்.

வாயெல்லாம் இரத்தம் நிறைந்தது. அப்பம் எங்கே இருக்கிறது என்று நாக்கால் தேடினாள். இரத்தத்தில் கூழாகி, பல்லிடுக்கில் ஒரு துணுக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. மூச்சு முட்டியது. வேறு வழியில்லாமல் விழுங்கினாள். இரத்தத்தோடு, உடைந்த பல்லோடு, எல்லாம் போயிற்று.

போனதும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. இனிப் பொத்திவைக்க வாயில் ஒன்றுமில்லை. அவன் விரலை விட்டாள்.

சுவாமியார் கடைசி ஆசீர்வாதத்தை அவசரமாக முடித்துவிட்டு, பூசை உடுப்போடே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரர். நரைத்த தாடி. தமிழைப் புத்தகத்தில் படித்தவர் போலப் பேசுவார். அவர் என்ன நடந்தது என்று கேட்குமுன் மயிலம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

"றோஸி சாகுது சாமி. இவன் கட்டையால அடிச்சு வயிறு ஒடஞ்சு, என் ரூம்ல கெடக்கு. ஓடிப் போகல. ஒங்களக் கேட்டு வந்தேன், இந்தம்மா என்னைப் படியில தள்ளுச்சு. நீங்க வரல. அதான் நான் எடுத்துட்டுப் போகப் பாத்தேன்."

சுவாமியார் கொன்ஸ்ரன்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவள் செருப்பைக் கீழே போட்டாள். அந்த ஒரு செய்கையே அவருக்குப் போதுமாயிருந்தது.

சந்தியாகு மயிலம்மாவின் வயிற்றில் உதைத்தான். சுவாமியார் குறுக்கே விழுந்தார். அடுத்த அடி அவருக்கென்று ஓங்கினதா, அவளுக்கென்று ஓங்கினதா, யாருக்கும் தெரியாது. விழுந்தது அவர் முகத்தில். கண்ணுக்குக் கீழே தோல் பிளந்து, வெள்ளைப் பூசை உடுப்பில் இரத்தம் கொட்டியது.

அதன் பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. மயிலம்மாவை அடித்த கைகளே சந்தியாகுவை இழுத்துப் போட்டன. அவன் ஆட்கள் என்று துறைமுகத்தில் திரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரோ ஒருவன் சுற்றுப்பிரகார ஊர்வலக் கொடியின் தடியைக் கொண்டுவந்தான். நிறுத்துங்கள் என்று சுவாமியார் தமிழிலும் தன் பாஷையிலும் மாறி மாறிக் கத்தினார். தடி முழங்காலில் இறங்கிய சத்தம் மரம் முறிகிற சத்தமாய்க் கேட்டது. மயிலம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சுவாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஒருகணம் அடிபடுகிறவனைப் பார்த்தார், ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் நன்மைச் செப்பையும் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்காமலே அவளோடு ஓடினார்.

றோஸிக்கு உயிர் இருந்தது. அவள் தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைத் தனியே கேட்க வேண்டுமென்று சுவாமியார் மயிலம்மாவை வெளியே நிற்கச் சொன்னார். அவள் வாசற்படியில் குந்தியிருந்து இரத்தத்தைத் துப்பினாள். நெடுநேரத்துக்குப் பிறகு கூப்பிட்டார். நன்மை றோஸியின் வறண்ட நாக்கில் இறங்காமல் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் கொடு என்றார். மயிலம்மா அவள் தலையை மடியில் வைத்து டம்ளரைச் சரித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

றோஸி கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு என்ன நடந்தது?"

"கோயில் படியில வழுக்கி விழுந்துட்டேன்."

அது பொய்யென்று தெரிந்ததா இல்லையா என்பதை றோஸியின் முகம் காட்டவில்லை. மயிலம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பொலிசை அழைத்துவர ஆள் போயிருந்தது. அவர்கள் வந்து வாக்குமூலம் கேட்குமுன் பிடி தளர்ந்துவிட்டது.

சந்தியாகு கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடந்தான். கொலை வழக்கு அங்கிருந்தே தொடங்கியது. றோஸி சொன்னதைச் சுவாமியார் எந்த நீதவான் முன்னாலும், எந்தக் கோட்டிலும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது அவரோடு போக வேண்டியது. முடுக்கில் சத்தத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் அன்றைக்கு உறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். மீதிச் சாட்சி மயிலம்மாதான்.

விசாரணைக்கு முன் ஒரு மாலை, கிட்டங்கியிலிருந்து திரும்பிய மயிலம்மாவைத் தேடிக் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். வேலை போய், இளைத்திருந்தாள். தம்பியைத் தூக்கிலே போடுவார்கள் என்று அழுதாள். றோஸி கிணற்றடியில் விழுந்ததாகச் சொல்லும்படி கேட்டாள். உனக்கும் கோயிலில் களவெடுத்த குற்றம் இருக்கிறது, நாங்கள் அதைப் பேசாமல் விடுகிறோம் என்றாள். மயிலம்மா அவள் கன்னத்தில் அறைந்தாள். கையில் ஒட்டியிருந்த காரீயம் ஐந்து விரலாகப் பதிந்தது. கொன்ஸ்ரன்ஸ் திருப்பி அடிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

புதுக்கடைக் கோட்டில் சந்தியாகுவின் அப்புக்காத்து மயிலம்மாவைப் பார்த்து, நீ கத்தோலிக்கப் பெண் மாதிரி வேஷம் போட்டு நன்மையைத் திருடியவள்தானே என்று கேட்டார். ஆமா என்னாமல் ஓம் என்றாள், அவர் பேசிய தமிழிலேயே. அப்படிப் பொய் நடித்தவளின் சொல்லை எப்படி நம்புவது என்றார். நம்பாட்டி றோஸிய அடக்கம் பண்ணும்போது குளிப்பாட்டினவங்களக் கேளுங்க, ஒடம்பு பூரா எப்படி இருந்துச்சுன்னு, என்றாள். பிரேதத்தைப் பரிசோதித்த டாக்டரும் உடம்பு முழுவதும் அடிகாயம் என்றுதான் சொன்னார். கொல்ல வேண்டுமென்று அடிக்கவில்லை என்று யூரிகள் முடிவு சொன்னதால் அவன் தூக்குக்குத் தப்பினான். நீண்ட சிறைவாசம் கிடைத்தது. ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு கூண்டை விட்டிறங்கியபோது அவன் அவளைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது சுவாமியார் படிக்கட்டில் காத்து நின்றார். கன்னத்தில் தழும்பு சிவந்து கிடந்தது. அவர் அவளிடம் சுற்றிவளைக்காமல் பேசினார். கொன்ஸ்ரன்ஸின் பேச்சை நம்பி, தான் ஒருமுறை கூட விசாரிக்காமல் இருந்தது பெரும் பிழை என்றார். அவள் செய்ததும் பிழைதான், அதை இல்லையென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வேதத்தில் சேர விருப்பமென்றால் கற்றுக்கொடுப்பதாகவும், இல்லையென்றால் இனி ஒருபோதும் அந்தக் கிராதியண்டை வரக்கூடாதென்றும் கேட்டுக்கொண்டார்.

மயிலம்மா உடைந்த பல்லை நாக்கால் தடவினாள்.

"வரமாட்டேன் சாமி," என்றாள். "எனக்கு அது வேணுமின்னு நான் வரல. அவ கேட்டா."

அவள் கும்பிட்டுவிட்டு, சந்தை வழியாகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்தாள்.